கோலாலம்பூர் மனநலக் காப்பகம், 1905: அரிசி, பெரிபெரி, ஓர் உயிர்ச்சத்து – ஒரு நிகழ்வு ஆய்வு

1905-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்த நோயாளிகள் அனைவரும் உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு, இடப்புறத்திலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணப்பட்டார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்குப் பக்கக் கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். கிழக்கில் இருந்தவர்கள் அதுவரை உண்டுவந்த சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டுப் பச்சரிசியையே தொடர்ந்து உண்டார்கள். மேற்கில் இருந்தவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி கொடுக்கப்பட்டது. உணவில் மற்றவை எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அங்கே மாவட்ட மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிளெட்சர். அவர் கண்டறிய விரும்பியது, நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி என்ற நோய் காப்பகத்தில் ஏன் ஓயாமல் உயிர் வாங்குகிறது என்பதை.

உயிர்ச்சத்துகள் (வைட்டமின்கள்) நோயைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும் என்ன செய்யக்கூடும், எதைச் செய்ய இயலாது என்பதைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வைவிடத் தெளிவான இடம் வேறில்லை என்று கருதுகிறேன். உயிர்ச்சத்து என்ற கருத்தே அப்போது உருவாகியிருக்கவில்லை. ஆகவே ஃபிளெட்சரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஒவ்வோர் அடியையும் சான்றின் பலத்தில் மட்டுமே எடுத்துவைக்க வேண்டியிருந்தது. எந்தச் சான்று எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதும் அதனாலேயே வெளிப்படையாகத் தெரிகிறது.

நோயும் அக்காலத்து நம்பிக்கைகளும்

பெரிபெரி இரண்டு முகங்களில் வரும். ஒன்றில், கால்களில் மதமதப்பும் எரிச்சலும் தொடங்கி, தசைகள் மெலிந்து, பாதத்தைத் தூக்கி வைக்க முடியாத நிலை வரை போகும். இது நரம்புகளைத் தாக்கும் உலர் வகை. மற்றதில், கால்களும் உடலும் வீங்கி, மூச்சு இரைத்து, இதயம் செயலிழக்கும். இது ஈர வகை, இதில் சில நாள்களுக்குள்ளேயே சாவு நேரலாம். தாய்க்குக் குறைபாடு இருந்தால், அவர் பாலை மட்டுமே நம்பியிருக்கும் கைக்குழந்தைக்கும் நோய் வரும். இரண்டு, மூன்று மாதக் குழந்தை குரல் கம்மி, நீலம் பாரித்து, சில மணி நேரத்தில் இறந்துபோகக்கூடும்.

கூட்டமாக ஓரிடத்தில் வாழ்பவர்களிடையே, அதாவது சிறை, படைமுகாம், கப்பல், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஆகியவற்றில், இந்நோய் அதிகமாகத் தோன்றியது. கிருமிகளால் நோய் வருகிறது என்ற கண்டுபிடிப்பு மருத்துவ உலகை ஆட்கொண்டிருந்த காலம் அது. கூட்டம், ஈரம், இருட்டு என்று காணும் மருத்துவர் தொற்றுநோய் என்றே முடிவு செய்வார். அதில் அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை.

கூட்டு மலாய் மாநிலங்களில் பணியாற்றிய டபிள்யூ. எல். பிராடன் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் பெருமளவில் மாண்டார்கள். அதே மண்ணில், அதே வெப்பத்தில், அவர்களைவிட வசதி குறைந்த குடிசைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. மலாய்க் கிராமத்தவர்களுக்கும் வரவில்லை. சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டி, மூட்டைகளில் நெடுநாள் கிடந்த பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. மலாய்க்காரர்கள் உண்டது அவ்வப்போது வீட்டில் கையால் குத்திய அரிசி. இவ்வேறுபாட்டைக் கண்ட கண் கூர்மையானது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விளக்கம் வேறு: தேங்கிக் கிடக்கும் பச்சரிசியில் பூஞ்சை போன்ற ஏதோ ஒன்று நஞ்சை உண்டாக்குகிறது என்று அவர் நம்பினார். நெல்லைப் புழுக்கும்போது அந்த நஞ்சுக்கு இடமில்லாமல் போகிறது என்பது அவர் கருத்து.

பிராடனின் கவனிப்பு மட்டும் போதுமான சான்றாகாது. சீனரும் தமிழரும் அரிசியில் மட்டும் வேறுபட்டவர்கள் அல்லர். தொழில், பழக்கவழக்கம், வந்த ஊர், துணை உணவு எல்லாமே வேறு. இவற்றுள் எது நோயைத் தீர்மானித்தது என்று வெறும் ஒப்பீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இடைவெளியை அடைத்தது ஃபிளெட்சரின் வரிசை எண்ணிக்கை.

ஓராண்டின் முடிவு

அடுத்த ஓராண்டில் பச்சரிசிக் குழுவில் இருந்தவர்கள் 120 பேர். புழுங்கல் அரிசிக் குழுவில் 123 பேர். பச்சரிசிக் குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்தது, அவர்களுள் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக் குழுவில் பதிவான நோயாளிகள் இருவர் மட்டுமே. அவ்விருவரும் காப்பகத்துக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். அக்குழுவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

கட்டடத்தில்தான் கிருமி குடியிருக்கிறதோ என்ற ஐயத்தையும் ஃபிளெட்சர் விட்டுவைக்கவில்லை. ஆண்டின் நடுவில் இரு குழுவினரையும் கட்டடம் மாற்றிக் குடியமர்த்தினார். இடம் மாறியது, அரிசி மாறவில்லை. நோய் அரிசியைப் பின்தொடர்ந்தது. முன்பு பெரிபெரி நோயாளிகள் படுத்திருந்த அறைகளில் புழுங்கல் அரிசி உண்டவர்கள் நலமாகவே இருந்தார்கள்.

இன்றைய அளவுகோலால் பார்த்தால் இதில் குறைகள் உண்டு. ஒற்றை, இரட்டை என மாறி மாறிப் பிரிப்பது சீட்டுக் குலுக்கலுக்கு நிகரான தற்செயல் பகிர்வு அன்று. யார் எந்த அரிசியை உண்கிறார் என்பது நோயைக் கண்டறியும் மருத்துவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் இறப்பில் பதினெட்டுக்குச் சுழி என்னும் வேறுபாட்டை இக்குறைகளால் விளக்கிவிட முடியாது. மருத்துவ வரலாற்றில் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த தொடக்க காலச் சோதனைகளுள் இதற்கு உயர்ந்த இடம் தரப்படுவது முற்றிலும் நியாயம்.

இதற்குமேல் ஒன்றைச் சொல்லாமல் கடக்க என்னால் முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. பச்சரிசிக் குழுவில் மாண்டவர்கள் அதுவரை வழக்கமாக இருந்த உணவையே உண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல வேறுபாடு கண்முன் பெருகியபோதும் ஆண்டு முடியும்வரை அந்த உணவு நிறுத்தப்படவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு இசையாது. பெரிபெரியைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இத்தகைய மனிதர்களின் உடல்களிலிருந்து வந்தது. அவர்களில் ஒருவரின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

மூன்று விடைகளில் எது சரி

தம் முடிவை வெளியிட்டபோது ஃபிளெட்சர் காட்டிய அடக்கம் போற்றத்தக்கது. பச்சரிசியே நேராகவோ மறைமுகமாகவோ பெரிபெரிக்குக் காரணம் என்றார். அதன் உட்காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்றார்: அரிசியில் நஞ்சு இருக்கலாம், அரிசியில் ஊட்டம் குறைவாக இருக்கலாம், அல்லது ஊட்டக்குறைவால் தளர்ந்த உடலில் ஏதோ ஒரு கிருமி எளிதாகப் புகலாம். அவருடைய சோதனை இம்மூன்றையும் பிரித்தறியும் திறன் கொண்டதன்று. அவர் அதைத் தெரிந்தே சொன்னார். காரணம் தெரியாமலே தடுப்பு கைக்கு வந்துவிட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இரண்டாவது விடையே சரி என்பதற்கான சான்றுகள் அருகிலேயே, டச்சுக்காரர்களின் ஜாவாவில், சேர்ந்துகொண்டிருந்தன. பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர் 1890-களில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்துப் பெரிபெரி போன்ற நரம்புத் தளர்ச்சியை உண்டாக்கி, தவிட்டைக் கொடுத்து அதைத் தீர்த்தார். மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் அவர் எண்ணினார். அவருக்குப் பின் அதே ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரெய்ன்ஸ், 1901-இல், நஞ்சு என்று ஒன்றும் இல்லை, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் இல்லாமற்போவதே நோய் என்று எழுதினார். நோய் என்றால் உள்ளே வந்த ஏதோ ஒன்றால் நிகழ்வது என்றே பழகியிருந்த மனத்துக்கு, இல்லாமையால் வரும் நோய் என்பது எளிதில் பிடிபடவில்லை.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டாண்டனும் 1907-இல் ஃபிளெட்சரின் சோதனையைக் காப்பகத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். நெகிரி செம்பிலானில் காட்டை அழித்துச் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முன்பு மனிதர் குடியிராத காட்டுப்பகுதி என்பதால், பழைய கட்டடத்துக் கிருமி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளைப் பச்சரிசி உண்ட குழுவில் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் அரிசி உண்ட குழுவில் தோன்றவில்லை. பின்னர் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோய் முதல் குழுவில் நின்று, இரண்டாவது குழுவில் தலைகாட்டியது. தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு கோழிகளைக் காக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். நஞ்சு, கிருமி ஆகிய இரு விடைகளும் இத்துடன் வலுவிழந்தன.

அரிசிக்குள் நடந்தது என்ன

தவிட்டிலும் முளையிலும் இருந்த அந்தப் பொருள் தயமின், அதாவது வைட்டமின் பி1. உடல் மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றும் பாதையில், மாவுச்சத்து சிதைந்து உண்டாகும் பைருவேட் என்ற பொருளை அடுத்த படிக்குக் கடத்தும் நொதி முதலான சில முக்கிய நொதிகள் தயமின் இல்லாமல் இயங்கா. ஓய்வின்றி ஆற்றலைச் செலவிடும் மூளையும் நரம்பும் இதயமும்தான் முதலில் தடுமாறுகின்றன. பெரிபெரியின் இரு முகங்களுக்கும் காரணம் இதுவே.

அளவுகளைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.1 முதல் 1.2 மில்லிகிராம் தயமின் தேவை. தவிடு நீக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் இருக்கும். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் 0.07 அளவே மிஞ்சும். தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.2 அளவில் நிற்கும். நாளுக்கு அரைக் கிலோ பச்சரிசியை மட்டுமே நம்பி வாழும் உழைப்பாளிக்கு 0.35 மில்லிகிராம்தான் கிடைக்கும். அரிசி களைந்த நீரிலும் வடித்த கஞ்சியிலும் அதிலொரு பங்கு போய்விடும். அதே அளவு புழுங்கல் அரிசி ஏறத்தாழ ஒரு மில்லிகிராமைத் தரும். துணை உணவில் சிறிது பருப்போ மீனோ சேர்ந்தால் தேவை நிறைந்துவிடும். மாவுச்சத்து அதிகமாக அதிகமாகத் தயமின் தேவையும் உயர்கிறது என்பதால், பச்சரிசிச் சோற்றை வயிறாரக் கூடுதலாக உண்பது பற்றாக்குறையைத் தீர்க்காமல் அதை முடுக்கிவிடும். உடலின் சேமிப்போ மொத்தம் 25 முதல் 30 மில்லிகிராம் அளவே. நாள்தோறும் சிறிதளவு வந்துகொண்டிருந்தாலும் அந்தச் சேமிப்பு மெல்லக் கரைவதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். சாலைத் தொழிலாளர்களிடம் நோய் மூன்று மாதங்களில் வெளிப்பட்டது இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்தும் முளையிலிருந்தும் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. பின்பு ஆலையில் தவிட்டை நீக்கினாலும் அதன் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. நெல்லைப் புழுக்கியவர்கள் உமி எளிதில் கழல்வதற்கும், அரிசி நொறுங்காமல் இருப்பதற்கும் அதைச் செய்தார்கள். நோய்த்தடுப்பு அந்த வேலைமுறையோடு தானாக ஒட்டிவந்தது. அந்தப் பயனை அறியாதவர்கள் அதைக் கைவிடவும் தயங்கமாட்டார்கள். தவிட்டில் உள்ள எண்ணெய் விரைவில் சிக்கடிக்கும். தீட்டிய அரிசி நெடுநாள் கெடாது, பார்வைக்கும் வெண்மை. நீராவி ஆலைகள் பெருகிய இடங்கள் பலவற்றில் பெரிபெரி பின்தொடர்ந்தது இதனால்தான்.

தடுப்பிலிருந்து சிகிச்சைக்கு

1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கத்தின் மாநாடு, வெள்ளை அரிசியை முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் நிறைவேற்றியது. பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படையின் உள்நாட்டுப் பிரிவில் அதற்கு முன் ஆண்டுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் பாதிக்கப்பட்டுவந்தார்கள். அரிசியை மாற்றிய ஓரிரு ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. தயமின் என்ற பெயரும் அதன் வடிவமும் தெரியாமலே இது நடந்தது.

ஆனால் ஏற்கெனவே நோயுற்றுப் படுத்திருப்பவருக்கு அரிசியை மாற்றுவது போதாது. மணிலாவில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் பெரிபெரியால் மடிந்துகொண்டிருந்தபோது, எட்வர்டு வெடர் என்ற படை மருத்துவரும் அவர் உடன்பணியாளர்களும் தவிட்டுச் சாற்றைச் செறிவாக்கித் துளித்துளியாகக் குழந்தைகளுக்குப் புகட்டினார்கள். இறக்கும் நிலையில் இருந்த குழந்தைகள் விரைவில் தேறின. தடுப்புக்கு நாள்தோறும் சிறிதளவு போதும். சிகிச்சைக்கு அதே பொருள் செறிவாகவும் உடனடியாகவும் கிடைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அந்தக் குழந்தைகளின் படுக்கையருகில் மருத்துவம் தெளிவாகக் கண்டது.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்குமாறு வெடர் 1910-இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இளம் வேதியியலாளரைக் கேட்டுக்கொண்டார். பணி நீண்டது. 1926-இல் ஜாவாவில் யான்சனும் டோனத்தும் ஏறத்தாழ 300 கிலோ தவிட்டிலிருந்து 100 மில்லிகிராம் அளவு தூய படிகத்தைப் பெற்றார்கள். வில்லியம்ஸ் அதன் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். அதன்பின் தயமின் ஊசியும் மாத்திரையும் மலிவாயின.

இன்று ஈர பெரிபெரி நோயாளிக்குச் சிரை வழியாகத் தயமின் கொடுத்தால், சில மணி நேரத்தில் இதயத்தின் நிலை சீராகத் தொடங்குவதைக் காணலாம். இவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் பலன் தரும் சிகிச்சைகள் மருத்துவத்தில் மிகச் சில. உலர் வகையில் அப்படியில்லை. நரம்புகள் மீள மாதங்கள் ஆகும், சிலருக்குத் தளர்ச்சி நிலைத்துவிடும். நெடுநாள் மது அருந்துவோர், கர்ப்பகாலத்தில் ஓயாது வாந்தி எடுப்போர், இரைப்பை அறுவைக்குப் பின் போதிய அளவு உண்ண முடியாதோர் ஆகியோருக்கு வரும் வெர்னிக்கி மூளைநோயில் காலம் இன்னும் இறுக்கமானது. பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு குழம்பும் அந்த முதல் நாள்களில் தயமின் கிடைத்தால் மீட்கலாம். தவறினால் புதிய நினைவுகளைச் சேர்க்க இயலாத கோர்சகாஃப் நிலை எஞ்சிவிடும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் சிறு சேமிப்பையும் அது தீர்த்து நோயைத் தூண்டக்கூடும் என்பதால், தயமினை முன்னதாகவோ உடனாகவோ கொடுப்பது மருத்துவமனை நடைமுறையாக இருக்கிறது.

குறைபாடு இல்லாதவருக்கு

இத்தனை பெரிய வெற்றி ஒரு தவறான நம்பிக்கைக்கும் வழிவிட்டது. குறைந்தால் நோய் வரும் பொருளைக் கூடுதலாகத் தந்தால் கூடுதல் நலம் வரும் என்ற எண்ணம் அது. தயமினைப் பொறுத்தவரை மிகுதியைச் சிறுநீர் வெளியேற்றிவிடுகிறது; தீங்கு குறைவு, பயனும் இல்லை. எல்லா உயிர்ச்சத்துகளும் இப்படிப்பட்டவை அல்ல.

காய்கறி, பழம் நிறைய உண்போருக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருப்போருக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறக்கூடிய பொருள் அது. பிராடன் மூன்று இனத்தாரிடையே கண்ட வேறுபாட்டைப் போன்ற கவனிப்பே இதுவும். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைத் தற்செயல் முறையில் பிரித்து, சிலருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் வெளியான முடிவில், அதைப் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம், வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்த மற்றொரு சோதனையில் 28 விழுக்காடு உயர்வு தெரிந்ததால், 1996-இல் மருந்து முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஃபிளெட்சரின் முறையும் இதுவே: ஒரே மாதிரியான மனிதர்களைப் பிரித்து, ஒன்றை மட்டும் மாற்றி, காத்திருந்து எண்ணுவது. கோலாலம்பூரில் அது ஊகத்தை உறுதிசெய்தது, பின்லாந்தில் கவிழ்த்தது. புகைபிடித்தவர்களுக்கு அந்தப் பொருளில் குறைபாடு இருந்தது என்று யாரும் நிறுவியிருக்கவில்லை. காய்கறி உண்பவரின் வாழ்முறை முழுவதையும் ஒரு மாத்திரைக்குள் அடைத்துவிட முடியும் என்று கருதியதே அடிப்படைப் பிழை.

ஒரே மூலத்தை நம்பும் உணவு

தயமின் குறைபாட்டை ஒழிந்துபோன நோயாகக் கருதுவதும் சரியன்று. காப்பகத்து அரிசியைப் போல, ஒருவர் உண்பதெல்லாம் ஒரே மூலத்திலிருந்து வரும் நிலை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அது திரும்பக்கூடும். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் சிரை வழி ஊட்டத்தில் சேர்க்கும் பல்வைட்டமின் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த நோயாளிகள் சிலருக்குத் தயமின் குறைந்து, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. 2003-இல் இஸ்ரேலில் விற்கப்பட்ட ஒரு சோயாப் பால்மாவில் தயமின் விடுபட்டிருந்தது. அதையே முழு உணவாகக் கொண்ட கைக்குழந்தைகள் வாந்தி, சோர்வு, வலிப்பு, கண் அசைவுக் கோளாறு ஆகியவற்றோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சில குழந்தைகள் இறந்தன. முதலில் தொற்று என்றே மருத்துவர்கள் ஐயுற்றார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகள் எல்லாரும் ஒரே பால்மாவைக் குடித்தவர்கள் என்பது தெரிந்தபின் காரணம் பிடிபட்டது. உடனே தயமின் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, அந்தப் பால்மாவைக் குடித்தும் அப்போது நரம்புக் கோளாறு எதுவும் வெளிப்படாத குழந்தைகளைச் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு மொழித்திறனில் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. மூளை வளரும் மாதங்களில் சில வாரங்கள் தயமின் இல்லாமல் போனதன் விளைவை, பின்னர் கொடுத்த தயமினால் ஈடுசெய்ய இயலவில்லை.